வீட்டுக்குள் வந்த நுரை டப்பா: தீயும் சிந்தலும் பற்றிச் சில செய்திகள்



மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். "சார், நீங்க எழுதினா சேஃப்டியைப் பத்தித்தான் எழுதுவீங்க, எங்களுக்குத் தெரியாதா" என்று சிரித்தார்கள். உண்மைதான். 1981-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து, தொழிற்சாலையொன்றில் பாதுகாப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தே பழகியவன். ஆனால் இந்தக் கட்டுரையை வகுப்பெடுக்கும் தோரணையில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. என் வீட்டுச் சமையலறையில், என் கண் முன்னால், என் தவறினால் ஒரு பையனின் கை வெந்தது. அதற்குக் காரணமான பொருளைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

ஹார்டுவேர் கடைகளில் "பியூ ஃபோம்" என்று கேட்டால் கொடுப்பார்கள். பார்ப்பதற்குக் கரப்பான் ஸ்ப்ரே டப்பாவைப் போல, அதைவிடச் சற்றுப் பருமனாக இருக்கும். தலையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் திருகி அழுத்தினால் மஞ்சள் நிற நுரை வரும். வந்த நுரை தானாகவே உப்பி, இடுக்கை அடைத்து, சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். இப்போது மைசூரில் புது வீடு கட்டுகிறவர்கள் பலரும் யு.பி.வி.சி. ஜன்னல் போடுகிறார்கள். அந்த ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை இதைக்கொண்டுதான் அடைக்கிறார்கள். ஏ.சி. குழாய் போகும் ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுப்புறம், எலி வரும் பொந்து என்று எல்லாவற்றுக்கும் இப்போது இதுதான் மருந்து. சிமென்ட் குழைக்க வேண்டாம், கொத்தனாருக்குக் காத்திருக்க வேண்டாம். உண்மையிலேயே நல்ல பொருள். அதனால்தான் அதை எப்படிக் கையாள்வது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

அன்று நடந்தது

2019 ஜூலை மாதம். சரஸ்வதிபுரத்தில் எங்கள் பழைய வீட்டின் சமையலறை ஜன்னலை மாற்றினோம். ஜன்னல் போட வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. திருப்பத்தூர்ப் பக்கம் ஊர். தமிழ்ப் பையன் என்றதும் என் வீட்டுக்காரிக்கு ஒரே சந்தோஷம். ஜன்னலைப் பொருத்தி, சுற்றிலும் நுரை அடித்து முடித்தான். டப்பாவில் கொஞ்சம் மீதி இருந்தது.

"தம்பி, சிங்க் தொட்டிக்குக் கீழே ஒரு எலிப் பொந்து இருக்கு. அதையும் அடைச்சிடேன்" என்றேன்.

"அதுக்கென்ன சார்" என்று சிங்க் அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு அடிக்க ஆரம்பித்தான். வெளியே மழைச் சாரல். புது ஜன்னல் வழியாகத் தண்ணீர் மேடையில் தெறிக்கிறதே என்று நான்தான் ஜன்னலைச் சாத்தினேன். வேலை முடியப் போகிறது, பையனுக்குக் காபி கலக்கலாம் என்று என் மனைவி அடுப்படிக்கு வந்தாள். லைட்டரைத் தட்டினாள்.

சத்தம் பெரிதாக இல்லை. "புஃப்" என்று ஒன்று. சிங்க் அடியிலிருந்து நீல நிறமாக ஒரு தீ எழுந்து, ஒரு நொடியில் போய்விட்டது. ஆனால் அந்த ஒரு நொடி பையனின் வலது கை அந்த அலமாரிக்குள் இருந்தது. முழங்கை வரை மயிர் கருகி, தோல் சிவந்து, சாயங்காலத்துக்குள் கொப்புளம் கட்டிவிட்டது. பொந்தின் வாயில் இருந்த புது நுரையின் ஓரம் பற்றி எரிந்தது. ஈரத் துண்டைப் போட்டு அமுக்கி அணைத்தேன். தீயணைப்பான் என் வீட்டில் உண்டு. எங்கே? கார் நிற்கும் கொட்டகையில், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னால்.

முப்பது ஆண்டுகள் பாதுகாப்பு பேசியவன் வீட்டு நிலைமை இது. பையனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டு, அவன் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "விரலை அசைக்கிறானா ஐயா?" என்று மட்டும் கேட்டார். அசைக்கிறான் என்றேன். அதற்குப் பிறகு எனக்குப் பேச வரவில்லை.

டப்பாவுக்குள் இருப்பது என்ன?

அன்றிரவு அந்தக் காலி டப்பாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். உள்ளே இரண்டு வகைப் பொருள்கள் உண்டு.

முதலாவது, நுரையாக மாறும் பிசின். பாலியுரேத்தேன் என்ற இந்தப் பொருளை 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். நம் வீட்டு மெத்தை, சோபா, ஃபிரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் வெப்பக் காப்பு எல்லாம் இதே குடும்பம். டப்பாவுக்குள் இது பாதி வெந்த நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து மீதியும் வெந்து கெட்டியாகிறது. அப்படி ஆகும்போது கொஞ்சம் கரியமில வாயுவும் வெளிவரும்.

இந்தப் பிசினில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. இந்தப் பெயரைக் கேட்டதும் போபால் ஞாபகம் வரும். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். நுரை டப்பாவில் இருப்பது அது அல்ல, எம்.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேறொன்று. சாதாரண வெப்பத்தில் அது அவ்வளவு எளிதில் ஆவியாகாது. ஆகவே பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் தோலில் படுவதும், அடிக்கும்போது மூச்சில் போவதும் நல்லதல்ல. சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டு, பிறகு சிறிதளவு பட்டாலே இழுப்பு வரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த வேலை நடக்கும்போது அவர்களை அந்த அறைப்பக்கம் விடாதீர்கள்.

இரண்டாவது, பிசினை வெளியே தள்ளும் வாயு. பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன், ஐசோபியூட்டேன், டைமெத்தில் ஈதர் ஆகியவற்றின் கலவை. புரொப்பேனும் பியூட்டேனும் வேறெதுவும் இல்லை, நம் சமையல் கேஸ் சிலிண்டரில் இருப்பவைதான். ஒரு காலத்தில் ஸ்ப்ரே டப்பாக்களில் தீப்பற்றாத வாயுக்களை அடைத்தார்கள். அவை ஓசோன் படலத்தைக் கெடுக்கின்றன என்று தெரிந்து, 1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. அதன்பின் உலகம் முழுவதும் அவற்றைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு எரியும் வாயுக்கள் வந்தன. வானத்துக்கு நல்லது நடந்தது, சந்தோஷம். வீட்டுக்குள் கவனம் கூட வேண்டியதாயிற்று.

வாசனை காட்டிக் கொடுக்காத கேஸ்

சமையல் கேஸ் கசிந்தால் நமக்கு உடனே தெரிகிறது. காரணம், அதில் வேண்டுமென்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இயல்பில் அந்த நாற்றம் கிடையாது. ஸ்ப்ரே டப்பாவில் அடைக்கும் வாயுவிலோ அந்த நாற்றத்தைச் சேர்ப்பதில்லை. செண்ட் டப்பாவைத் திறந்தால் கேஸ் நாற்றம் அடித்தால் யார் வாங்குவார்கள்? நுரை டப்பாவிலிருந்து பிசின் வாடைதான் லேசாக வரும். கேஸ் பரவியிருக்கிறது என்று மூக்கு சொல்லாது.

நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குள் அடக்கம். என் மனைவிக்குக் கேஸ் நாற்றம் அடித்திருந்தால் லைட்டரைத் தொட்டிருக்கவே மாட்டாள். நாற்பது ஆண்டு பழக்கம். அந்தப் பழக்கம் உதவ முடியாத இடத்தில் ஆபத்து இருந்தது. ஆகவே, நுரை அடிக்கும் நேரமெல்லாம் சிலிண்டர் கசிகிறது என்றே நினைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் ஞாபகத்தில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இது நின்றால் போதும்.

இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவி, பள்ளத்திலும் அலமாரி அடியிலும் தேங்கி நிற்கும். ஜன்னல் ஓரம் அடித்தாலும் கேஸ் கீழே இறங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

"சார், இத்துனூண்டு டப்பா, இதுல என்ன பெரிய கேஸ்" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடையில் அதிகம் கிடைப்பது 750 மில்லி டப்பா. அதில் 150 கிராம் வாயு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே வந்தால் அது ஏறத்தாழ 65 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் 100-க்கு 2 பங்கு அளவு கலந்தாலே இந்த வாயு தீப்பற்றும். அப்படியானால் 65 லிட்டர் வாயு சுமார் 3,200 லிட்டர் காற்றைத் தீப்பற்றும் கலவையாக்க வல்லது.

பெரிய ஹாலில் இது ஒன்றும் இல்லை. ஆனால் 5 அடிக்கு 6 அடி, 8 அடி உயரமுள்ள குளியலறையின் மொத்தக் கொள்ளளவே 6,800 லிட்டர்தான். அதில் ஏறக்குறைய பாதி! எங்கள் சிங்க் அடி அலமாரி 6 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரம். கொள்ளளவு சுமார் 850 லிட்டர். கால் டப்பாவுக்குச் சற்று மேலே போனாலே போதும். வாயுவில் ஒரு பகுதி நுரைக்குள்ளேயே தங்கிவிடும் என்பது உண்மை. அதே சமயம், வெளிவந்தது அறை முழுக்கச் சீராகப் பரவாமல் ஒரு மூலையில் தேங்கும் என்பதும் உண்மை. ஆகவே கணக்கு நமக்குச் சாதகமாகவே இருக்கும் என்று நம்பக் கூடாது.

கெட்டியான பிறகு?

சில மணி நேரத்தில் நுரை இறுகி, கேஸ் கலைந்து போன பிறகு அந்த வெடிப்பு அபாயம் இல்லை. ஆனால் இறுகிய நுரையும் எரியும் பொருள்தான். எரிந்தால் கரும்புகையோடு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். தீ விபத்துகளில் பலரைச் சுடுவதற்கு முன் புகையே கொன்றுவிடுகிறது.

மைசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1989 பிப்ரவரி 8-ஆம் தேதி இங்கே பிரீமியர் ஸ்டுடியோவில் திப்பு சுல்தான் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பின்போது தீப்பிடித்து 62 பேர் இறந்தார்கள். நான் இந்த ஊருக்கு வந்து எட்டாவது வருஷம் அது. பல நாள் ஊரில் வேறு பேச்சே இல்லை. எதிரொலி வராமல் இருக்க அரங்கத்தின் உள்ளே சாக்குத் துணியை நிறைத்திருந்தார்கள். சரியாகப் பொருத்தாத மின்கம்பி, பெரிய விளக்குகளின் சூடு, காற்றோட்டம் இல்லாமை ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2003 பிப்ரவரி 20-ஆம் தேதி, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற கேளிக்கை விடுதியில் கிட்டத்தட்ட அதே கதை. சத்தத்தை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்தது சாக்கு அல்ல, பாலியுரேத்தேன் நுரை. மேடையில் வைத்த வாணத்தின் பொறி அதில் பற்றியது. இரண்டு நிமிடத்துக்குள்ளாகவே உள்ளே நிற்க முடியாத நிலை. 100 பேர் இறந்தார்கள். தென் கொரியாவின் இச்சோன் நகரில் 2020 ஏப்ரல் 29-ஆம் தேதி, கட்டிக்கொண்டிருந்த கிடங்கில் வெல்டிங் பொறி யுரேத்தேன் நுரையில் பட்டு எரிந்து 38 தொழிலாளர்கள் மாண்டார்கள். அதே நகரில் 2008 ஜனவரியில் குளிர்பதனக் கிடங்கு ஒன்று எரிந்து 40 பேர் இறந்திருந்தார்கள்.

ஜன்னல் இடுக்கில் அடைத்த நுரைக்கும் இவற்றுக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. ஆனாலும் பாடம் ஒன்றே. நுரையைத் திறந்து விட்டு வைக்கக் கூடாது. இறுகிய பின் வெளியே துருத்தி நிற்பதைக் கத்தியால் சீவி, மேலே சிமென்ட் பூச்சோ பட்டியோ போட்டு மூடிவிட வேண்டும். வெயில் பட்டால் நுரை பழுத்துப் பொடியாகும் என்பதாலும் இது தேவை. புகைபோக்கி, கேஸ் கீசர் குழாய், சூடாகும் விளக்கு, ஸ்விட்ச் பெட்டி ஆகியவற்றைச் சுற்றி இதை அடைக்காதீர்கள். நுரை அடைத்த ஜன்னல் கம்பியில் பிறகு வெல்டிங் வைக்கும்போது எச்சரிக்கை தேவை. "தீ தாங்கும் ஃபோம்" என்று தனியாக விற்பார்கள். அது தீ பரவுவதைத் தாமதப்படுத்துவதற்கான சரக்கு. அது எரியவே எரியாது என்று அர்த்தமில்லை. அந்த டப்பாவிலும் எரியும் வாயு இருக்கக்கூடும். லேபிளில் தீச்சுடர் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடிப்பதற்கு முன்

வீட்டில் யார் இந்த வேலை செய்தாலும், கூலிக்கு வந்தவரே செய்தாலும், வீட்டுக்காரர் பார்க்க வேண்டியவை இவை:

1. அடுப்பை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்கள். பூஜை அறை விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஊதுவத்திக்குப் பேர் போன ஊரில் இருக்கிறோம், இதை மறந்துவிடுவது சுலபம்.

2. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். மழை பெய்தால் வேலையை நாளைக்குத் தள்ளிப் போடுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

3. ஸ்விட்ச் போடுவதும் அணைப்பதும் சிறு பொறியை உண்டாக்கும். ஃபிரிட்ஜ் தானாகவே ஓடும், தானாகவே நிற்கும். அப்போதும் பொறி வரும். ஆகவே வேலை தொடங்குவதற்கு முன்பே அறையில் உள்ளவற்றை அணைத்து விடுங்கள். நடுவில் எதையும் தொட வேண்டாம். மெயினை அணைத்தால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து யு.பி.எஸ். தானே "க்ளிக்" என்று கிளம்பும். அது அந்த அறையில் இருந்தால் அதையும் முதலில் அணைக்க வேண்டும்.

4. மூடிய அலமாரி, பரண், தண்ணீர்த் தொட்டி போன்ற இடங்களில் அடிக்காமல் இருப்பதே நல்லது. எலிப் பொந்துக்குச் சிமென்டும் கண்ணாடித் தூளும் போதும். நம் பெரியவர்கள் அப்படித்தான் அடைத்தார்கள்.

5. கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

6. அடித்து முடித்த பிறகும் ஒரு மணி நேரமாவது காற்றாட விடுங்கள். லேபிளில் அதிக நேரம் போட்டிருந்தால் அதன்படி. அதுவரை காபி வேண்டாம்.

சிந்தினால், ஒட்டினால்

குழாய் கழன்றோ வால்வு சிக்கிக்கொண்டோ நுரை தரையில் கொட்டுவது உண்டு. அப்போது பதற்றத்தில் செய்யும் காரியம்தான் பெரும்பாலும் கெடுதலாக முடியும். முதலில் தீயும் ஸ்விட்சும் பக்கத்தில் இல்லை என்று பாருங்கள். வால்வு மூடாமல் கொட்டிக்கொண்டே இருந்தால், முடிந்தால் டப்பாவை மொட்டை மாடிக்கோ முற்றத்துக்கோ கொண்டு போய் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். தரையில் கொட்டியதன் மேல் மணலோ மரத்தூளோ போட்டு, இறுக விட்டு, பிறகு தகட்டால் சுரண்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் தள்ளினால் குழாய்க்குள் போய்க் கெட்டியாகிவிடும். இறுகாத நுரையை மூடி போட்ட டப்பாவில் அடைத்தும் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் வாயு மூடியைத் தெறிக்கச் செய்யும்.

ஈர நுரையை அசிட்டோன் கரைக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் பலவற்றில் இருப்பது அதுதான். ஆனால் அசிட்டோன் பெட்ரோலைப் போலச் சட்டென்று தீப்பற்றக் கூடியது. கேஸ் பரவிய அறையில் அதையும் கொண்டு வந்து ஊற்றுவது எரிகிற வீட்டில் எண்ணெய் விடுவதற்குச் சமம். அன்று பையனின் இடது கையில் நுரை ஒட்டியிருந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டு அம்மா நல்லெண்ணத்தோடு ரிமூவர் பாட்டிலை எடுத்து வந்தார். அதை மட்டும் நான் தடுத்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

தோலில் ஒட்டினால், ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். பிறகு சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இறுகிப் போயிருந்தால் பிய்க்காதீர்கள். தோலும் சேர்ந்து வரும். இரண்டு மூன்று நாளில் தானே உதிரும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, கண் டாக்டரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறினால் வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும்.

தீப்பிடித்தால்

சின்னத் தீ என்றால் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஏற்றது. வீட்டுக்கு ஒன்று வாங்கி, சமையலறை வாசலுக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். என்னுடையது இப்போது அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் வேறு டப்பாக்கள் இருந்து அவை சூடாகின்றன என்றால், நெருங்கவே வேண்டாம். அவை குண்டு போல வெடிக்கும். எல்லாரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுங்கள். உடையில் தீப்பிடித்தவர் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும்.

வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, மஞ்சள், மாவு எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.

தீயணைப்பு நிலையத்துக்கு 101, பொது அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, சமையல் கேஸ் கசிவுக்கு 1906. ஊரிலிருந்து வந்து நம்மோடு இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கன்னடம் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள்: "மனெகெ பெங்கி பித்திதெ." வீட்டில் தீப்பிடித்திருக்கிறது என்று பொருள். வீட்டு எண், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த விலாசமே மறந்து போகும்.

வைப்பதும் எறிவதும்

பெரும்பாலான டப்பாக்களில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்று போட்டிருக்கும். மைசூர் குளிர்ந்த ஊர்தானே என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். ஸ்கூட்டர் டிக்கியும் அப்படித்தான். வாங்கியதை நேராக வீட்டுக்குக் கொண்டு வந்து, நிழலில், நிமிர்த்தி நிற்க வையுங்கள். படுக்கப் போட்டால் வால்வு ஒட்டிக்கொள்ளும். அடுப்பு மேடைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள்.

காலி டப்பா என்பது பேச்சுக்குத்தான் காலி. உள்ளே கொஞ்சம் கேஸ் இருந்தே தீரும். ஆணியால் ஓட்டை போடுவதும், குப்பையோடு கொளுத்துவதும் கூடாது. முக்கியமாகப் போகிப் பண்டிகை. பழையன கழிக்கிறேன் என்று வாசலில் மூட்டும் நெருப்பில் எந்த ஸ்ப்ரே டப்பாவும் விழக் கூடாது. காய்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்தும் தெருவோரக் குப்பையிலும் இதே ஆபத்து. குப்பை வாங்க வருகிறவர்களிடம் தனியாகக் கொடுத்து, இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். அவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்.

இங்கே சொன்னது நுரை டப்பாவுக்கு மட்டுமல்ல. கரப்பான் ஸ்ப்ரே, செண்ட் ஸ்ப்ரே, பெயின்ட் ஸ்ப்ரே என்று பலவற்றிலும் இதே வாயுக்கள்தான். பிறந்தநாள் விழாவில் குழந்தையின் தலையில் நுரை அடித்து விளையாடுகிறார்கள். எதிரில் கேக்கில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும். அது எவ்வளவு பெரிய விஷப் பரீட்சை என்று இனி உங்களுக்கே தெரியும்.

அந்தப் பையனுக்குக் கை ஆற ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரக் கூலியை நான் கொடுத்தேன். அது தர்மம் அல்ல, கடன். கையில் நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து மாடி ஜன்னலுக்கு அவனையே கூப்பிட்டேன். வந்ததும் முதல் வேலையாக எல்லா ஜன்னலையும் திறந்தான். பிறகு சமையலறையை எட்டிப் பார்த்து, "அம்மா, காபி இப்ப வேண்டாம்மா. நான் வேலையை முடிச்சிட்டு, மத்தியானமா வந்து குடிக்கிறேன்" என்றான்.

என் மனைவி அதற்குள் சிலிண்டரை மூடியிருந்தாள்.

இந்த மலரைப் படிக்கும் வீடுகளில் ஒன்றிலாவது அப்படி ஒரு சிலிண்டர் நேரத்தில் மூடப்பட்டால், மலர்க் குழுவினர் எனக்கு ஒதுக்கிய பக்கங்கள் வீண் போகவில்லை என்று மகிழ்வேன்.